மருந்தடிக்கும் மிஷினுக்கு எந்த பேட்டரி? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ராயக்கோட்டை, பாலக்கோடு, மாரண்டஹள்ளி பக்கம் தக்காளியும் சாமந்தியும் பீன்ஸும் போடுகிறவர்கள் வீட்டில் முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று கட்டாயம் இருக்கும். வாங்கிய புதிதில் நன்றாக ஓடும். கொஞ்ச காலம் போனதும் நாலு டேங்க் அடிப்பதற்குள் பிரஷர் இறங்கிவிடும். பேட்டரி மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அங்கே ஆரம்பிக்கும் குழப்பம்.

ஒரு கடையில் 7 ஆம்பியர் போதும் என்பார்கள். அடுத்த கடையில் 12 போட்டால்தான் நிற்கும் என்பார்கள். இன்னொருவர் லித்தியம் போடுங்கள், எடையே தெரியாது என்பார். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் என்று விசாரித்ததில் ஒரே மிஷினுக்கு எனக்கு இத்தனை பதில்கள் வந்தன. சொன்னவர்களில் யாரும் என் சார்ஜரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. தேர்வில் பாதி அந்தச் சார்ஜரில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் தடவை பேட்டரி மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். '12 வோல்ட் பேட்டரி கொடுங்க' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வோல்ட், வகை, கொள்ளளவு, உடம்பு அளவு, லக்கு (வயர் நுனியில் இருக்கும் கவ்வி), சார்ஜர் இந்த ஆறும் பொருந்த வேண்டும். ஆறையும் வீட்டில் உட்கார்ந்தே குறித்துக்கொள்ளலாம். தேவைப்படுவது ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு அடி ஸ்கேல், ஒரு சாதாரண மல்டிமீட்டர். மல்டிமீட்டர் எலெக்ட்ரிகல் கடைகளில் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. கோளாறு பேட்டரியில்தானா என்று முதலில் பாருங்கள்

பிரஷர் குறைந்தாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். டேங்க் அடியில் இருக்கும் வலையில் மருந்துப் பொடி அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். நாசில் அடைப்பு, கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன ஃபில்டர், டியூப் இணைப்பில் காற்று இழுப்பது, இவற்றையும் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி, நாசிலைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தண்ணீர் தாராளமாகக் கொட்ட வேண்டும். அப்போதும் சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பையும் பம்பையும் பார்த்துவிட்டுத்தான் பேட்டரிக்கு வர வேண்டும்.

அடுத்து சார்ஜர். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டுப் படித்துக்கொள்ளுங்கள். சார்ஜரைப் போட்டுவிட்டு மறுபடியும் படியுங்கள். எண் ஏற வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி (ஈயமும் ஆசிட்டும் உள்ள வழக்கமான வகை) என்றால் 13ஐத் தாண்டி, சில மணி நேரத்தில் 14 பக்கம் போக வேண்டும். சார்ஜர் போட்டும் எண் அசையவில்லை என்றால் சார்ஜரோ, மிஷினில் சார்ஜர் குத்தும் இடமோ, நடுவில் ஒரு ஃபியூஸோ பழுது. சார்ஜரைத் தனியாக அளந்து ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி மாட்டினால்தான் கரண்ட் விடுகிற சார்ஜர்களும் உண்டு.

இவை எல்லாம் சரி என்றால் பேட்டரியைச் சோதிக்கலாம். முழுதாகச் சார்ஜ் போட்டு, கழற்றி, மூன்று நாலு மணி நேரம் சும்மா வையுங்கள். சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் எண் பொய்யாக அதிகம் காட்டும். ஓய்வுக்குப் பிறகு நல்ல பேட்டரியில் 12.7க்கு மேல் இருக்கும். அப்புறம் டேங்கில் தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, ஓடும்போதே அளக்க வேண்டும். 12க்கு மேலேயே நின்று மெதுவாக இறங்கினால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. சில நிமிடத்தில் 11க்கும் கீழே சரிந்தால் அது முடிந்தது. பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

2. பழைய பேட்டரியை வெளியே எடுத்து எழுத்தைப் படியுங்கள்

டேங்கின் அடியில் நாலைந்து ஸ்குரூ இருக்கும். டேங்கைக் கழுவி, காய வைத்துவிட்டுத் திறங்கள். மருந்து ஒட்டிய மிஷினில் வெறுங்கையோடு வேலை செய்யாதீர்கள். வயர்களைக் கழற்றும் முன் எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படம் கடையிலும் உதவும், திரும்ப மாட்டும்போதும் தேவைப்படும்.

பேட்டரியின் மேல் முதலில் கண்ணில் படுவது '12 வோல்ட் 8 ஏ.ஹெச்.' மாதிரி ஓர் எண். ஏ.ஹெச். என்பது ஆம்பியர் அவர், அதாவது எவ்வளவு கரண்டைப் பிடித்து வைக்கும் என்ற அளவு. பேட்டரி என்று வரும்போது இதையே சுருக்கி '8 ஆம்பியர்' என்பார்கள். நம் பக்கம் ஓடுகிற ஒற்றை மோட்டார் மிஷின்களில் பெரும்பாலும் 8, இரட்டை மோட்டாரில் 12 அல்லது 14 வரும்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. அங்கே இரண்டு வரி இருக்கும். 'சைக்கிள் யூஸ்' என்று போட்டு ஒரு வோல்ட் அளவு, வழக்கமாக 14.4 முதல் 15 வரை. 'ஸ்டாண்ட்பை யூஸ்' என்று போட்டு இன்னொன்று, 13.5 முதல் 13.8 வரை. தினமும் சார்ஜை இறக்கி ஏற்றும் வேலைக்கு முதல் வரி. கரண்ட் போனால் மட்டும் உதவுகிற யு.பி.எஸ். மாதிரி வேலைக்கு இரண்டாவது வரி. மருந்தடிக்கும் மிஷின் முதல் வகை. கூடவே 'இனிஷியல் கரண்ட்' என்று 2.4 ஆம்பியர் மாதிரி ஓர் உச்ச அளவும் அச்சிட்டிருப்பார்கள். அதைவிட வேகமாகச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று அர்த்தம்.

லேபிள் மருந்து பட்டு அழிந்திருந்தால் கவலை இல்லை, அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அது நாலாவது படியில் வருகிறது. ஆனால் கையில் எடுக்கும்போதே பேட்டரி லேசாக, ஒரு கிலோ பக்கம்தான் இருக்கிறது, மேலே நீலத் தாளோ பிளாஸ்டிக் உறையோ சுற்றியிருக்கிறது என்றால் அது லித்தியமாக இருக்கலாம். லெட் ஆசிட் 8 ஆம்பியர் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. சார்ஜரைக் கையில் எடுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சார்ஜரின் முதுகில் 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். '12 வோல்ட் 1.7 ஆம்பியர்' என்று இருந்தால் பெரும்பாலும் லெட் ஆசிட் சார்ஜர். '12.6 வோல்ட்' என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது மூன்று வரிசை லித்தியம் அயான் பேட்டரிக்கானது. '14.6 வோல்ட்' என்றால் நாலு வரிசை லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கானது.

ஏன் இப்படி? லித்தியம் அயான் செல் ஒன்று நிறைந்தால் 4.2 வோல்ட். மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 12.6. லித்தியம் பாஸ்பேட் செல் நிறைந்தால் 3.65, நாலு சேர்ந்தால் 14.6. லெட் ஆசிட்டுக்கு 14.4ஐ ஒட்டி வேண்டும். கடையில் மூன்றையும் '12 வோல்ட் பேட்டரி' என்று ஒரே பெயரில்தான் சொல்வார்கள். நிறையும் இடம் மூன்றுக்கும் வேறு.

பல மிஷின்களில் சார்ஜர் முனை ஒரே மாதிரி வட்ட ஊசியாகத்தான் இருக்கிறது. எந்தச் சார்ஜரும் எந்த மிஷினிலும் உள்ளே போய்விடும், விளக்கும் எரியும். லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு மூன்று வரிசை லித்தியம் பேட்டரி போட்டு, பழைய சார்ஜரையே குத்தினால் ஒவ்வொரு செல்லும் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றம் வாங்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு அட்டை, பி.எம்.எஸ். என்பார்களே, அது ஒன்றுதான் தடுப்பு. தினமும் அதன் தலையில் பாரத்தை வைத்தால் ஒரு நாள் அது போகும், அதன் பிறகு பேட்டரி உப்பும், தீயும் பிடிக்கலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு 12.6 சார்ஜரைப் போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் அது ஒருநாளும் நிறையாது. 'புது பேட்டரி, பாதி டேங்கிலேயே நிக்குது' என்ற புலம்பல்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

சார்ஜரின் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 1.7 ஆம்பியர் சார்ஜர் நல்ல பொருத்தம், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் நிறையும். அவசரம் என்று வண்டி பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றி வாங்கிவராதீர்கள். ஏறும், ஆனால் பேட்டரி சூடேறி உப்பும். உப்பிய பேட்டரிக்கு வாரண்டியும் தர மாட்டார்கள்.

வகை மாற்றினால் சார்ஜரும் மாற்ற வேண்டும். தனிச் சார்ஜர் 250 முதல் 450 ரூபாய் வரை ஆகும். பேட்டரி விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

4. பெட்டியின் அளவும் லக்கும்

பேட்டரி உட்காரும் குழியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளங்கள். லெட் ஆசிட்டில் அளவுகள் ஏறக்குறைய நிலையானவை. 12 வோல்ட் 7, 8 ஆம்பியர் இரண்டும் ஒரே உடம்பு: 151 நீளம், 65 அகலம், 94 உயரம், மேலே முனையோடு சேர்த்தால் 100 பக்கம். 12 ஆம்பியர் பேட்டரியின் நீளமும் உயரமும் கிட்டத்தட்ட அதே, அகலம் மட்டும் 98. எனவே உங்கள் குழி 70 மில்லிமீட்டர் அகலம் என்றால் 12 ஆம்பியர் போட வழியே இல்லை. குழியைச் சீவி, கம்பி கட்டி உட்கார வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். முதுகில் ஆடி ஆடி வயர் உராய்ந்து ஷார்ட் ஆகும் இடம் அதுதான்.

லக்கு என்பது வயர் நுனியில் இருக்கும் தட்டையான பித்தளைக் கவ்வி. இரண்டு அகலத்தில் வரும்: 4.8 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர். பெரிய முனையில் சின்ன லக்கு ஏறாது. சின்ன முனையில் பெரிய லக்கு ஏறும், ஆனால் தளர்வாக நிற்கும், பம்ப் இழுக்கும்போது சூடாகிக் கருகும். பேட்டரியில் முனை அகலம் வேறாக இருந்தால் லக்கை வெட்டிச் சரியானதைப் போடச் சொல்லுங்கள். பேட்டரி முனையிலேயே நேராக ஈயம் வைத்து ஒட்ட விடாதீர்கள். அந்தச் சூட்டில் முனையைச் சுற்றியிருக்கும் அடைப்பு இளகும், வாரண்டியும் போகும்.

சிவப்பு வயர் பேட்டரியின் எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள். சில மிஷின்களில் வயர் நீளம் அளந்து வைத்திருப்பார்கள், முனை எதிர்ப்பக்கம் இருந்தால் எட்டாது.

5. ஒரு நாளைக்கு எத்தனை டேங்க் என்று கணக்குப் போடுங்கள்

எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை உங்கள் வயல்தான் சொல்ல வேண்டும். பம்பின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று இருக்கும். ஒற்றை மோட்டாரில் 2 முதல் 3 சொச்சம் வரை பார்க்கலாம். 2.5 என்று வைத்துக்கொள்வோம். 8ஐ 2.5ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஓடாது. பேட்டரியில் போட்டிருக்கும் 8 என்பது இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. பம்ப் வேகமாக இழுக்கும்போது லெட் ஆசிட் அவ்வளவு தராது. இரண்டு, இரண்டரை மணி நேரம் என்று கணக்கில் வையுங்கள்.

பந்தல் கட்டிய தக்காளிக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துத் தண்ணீர் என்றால் 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் வரும். நாசில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் ஒரு டேங்குக்கு 16 நிமிடம், ஒரு ஏக்கருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடும். இரண்டு லிட்டர் விடும் நாசில் என்றால் அதில் பாதி. ஆக, அரை ஏக்கர் முக்கால் ஏக்கர்காரருக்கு 8 போதும். ஒரே நாளில் ஒரு ஏக்கர் முடிக்கிறவர் 12க்கோ, இரண்டாவதாக ஒரு 8க்கோ போகலாம்.

என் விருப்பம் இரண்டு 8. 12 ஆம்பியர் பேட்டரி மூன்றரை கிலோவுக்குக் குறையாது. முழு டேங்க் தண்ணீர் மட்டும் 16 கிலோ, மிஷின் எடை தனி. வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் மேட்டு நிலத்தில் ஏறி இறங்கி அடிக்கிறவர்களுக்கு அந்த ஒன்றரை கிலோ சாயங்காலம் இடுப்பில் தெரியும். இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டால் ஒன்று வீட்டில் சார்ஜில் இருக்கும், ஒன்று முதுகில் இருக்கும். அதே 1.7 சார்ஜரில் 12 ஆம்பியர் நிறைய ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சாயங்காலம் வந்து போட்டால் விடியும் வரை ஆகும், நடுவில் கரண்ட் போனால் காலையில் அரைகுறைதான்.

6. லித்தியத்துக்கு மாறுவதா?

எடை உண்மையாகவே குறையும். 6 ஆம்பியர் லித்தியம் பாஸ்பேட் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும். இறக்கி ஏற்றுகிற தடவைகளும் லெட் ஆசிட்டைவிடப் பல மடங்கு தாங்கும், பிரஷரும் கடைசி டேங்க் வரை ஒரே மாதிரி வரும். விலைதான் கிட்டத்தட்ட இரு மடங்கு. தொடர்ந்து தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. வருஷத்தில் ஒரு பட்டம் மட்டும் அடிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

மாறுவது என்றால் லித்தியம் அயானைவிட லித்தியம் பாஸ்பேட்டைக் கேளுங்கள். சூட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு இதில் குறைவு, நம் சித்திரை வெயிலுக்கு அது முக்கியம். கடைக்காரர் உருளை செல்களை அடுக்கிச் சுற்றித் தரும் பேட்டரியைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகை செல், எத்தனை வரிசை? பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும்? சார்ஜர் சேர்த்தா தருகிறீர்கள்? பம்ப் கிளம்பும் நொடியில் ஓடும் அளவைவிட ஒரு மடங்கு இரண்டு மடங்கு அதிகமாக இழுக்கும். பி.எம்.எஸ். சின்னதாக இருந்தால் சுவிட்ச் போட்டதும் நின்றுவிடும். ஒற்றை மோட்டாருக்குக் குறைந்தது 10 ஆம்பியர், இரட்டைக்கு 20 இருக்கட்டும்.

லேபிளில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். கடை வாசலிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துப் புதுத் தாள் சுற்றி விற்பதும் நடக்கிறது, எடுக்காதீர்கள்.

7. கடையில்

குறித்த தாள், கைபேசிப் படம், பழைய பேட்டரி, சார்ஜர், மல்டிமீட்டர் ஐந்தையும் எடுத்துப் போங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் ஈயத்துக்காக விலையில் கழிப்பார்கள். முதலில் முழு விலையைக் கேட்டு, பிறகு பழையதை எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் கழித்த விலையையே முழு விலை என்று சொல்ல இடம் இருக்கிறது.

நான் விசாரித்தபோது 12 வோல்ட் 8 ஆம்பியர் லெட் ஆசிட் 800 முதல் 1,300 ரூபாய் வரை சொன்னார்கள். 12 ஆம்பியர் 1,300க்கு மேல். கடைக்குக் கடை மாறும், இதை ஒரு கைக்கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லெட் ஆசிட் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 28 என்று பில் போட்டால் கேளுங்கள்.

யு.பி.எஸ். பேட்டரியைத்தான் அதிகம் நீட்டுவார்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர், அதே உடம்பு, அதே லக்கு, விலையும் கொஞ்சம் குறைவு. மாட்டினால் ஓடும். ஆனால் அது ஸ்டாண்ட்பை வேலைக்குச் செய்தது. தினம் அடிவரை இறக்கினால் ஒரு பட்டம் முடிவதற்குள் தளர்ந்துவிடும். ஒரு கடையில் இதைத்தான் 'ஸ்பிரேயர் பேட்டரி' என்று என்னிடம் கொடுக்கப் பார்த்தார்கள். லேபிளில் சைக்கிள் யூஸ் வரி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நீங்களும் அந்த வரியைத் தேடுங்கள்.

பைக் பேட்டரியையும் தவிர்த்துவிடுங்கள். அது வண்டியை ஒரு நொடி கிளப்புவதற்கானது. ஆசிட் ஊற்றும் வகை என்றால் குனியும்போது முதுகில் வழியும்.

பெட்டியைப் பிரித்ததும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.5க்குக் கீழே காட்டினால் அது ரொம்ப நாள் அலமாரியில் தூங்கிய பேட்டரி, வேறு கேளுங்கள். உடம்பில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், ஆறு மாதத்துக்கு உள்ளே இருந்தால் நல்லது. உங்கள் மல்டிமீட்டரைப் பார்த்து முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பில் கட்டாயம். கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, பேட்டரியின் வோல்ட், ஆம்பியர், வரிசை எண் இவை பில்லிலேயே இருக்க வேண்டும். வெறும் 'பேட்டரி 1' என்று எழுதிய சீட்டு வாரண்டிக்கு உதவாது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கிவிடுங்கள். சிலவற்றுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு ஒரு வருஷம், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. எத்தனை மாதம், மாற்றித் தருவார்களா, கம்பெனிக்கு அனுப்பிச் சரி பார்த்து வர எத்தனை நாள் என்று வாயால் கேட்டு, அட்டையில் எழுதியும் வாங்குங்கள். இரண்டையும் படம் எடுத்து வையுங்கள், பில் தாளின் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். மானியத்தில் வாங்கிய மிஷின் என்றால், அதோடு வந்த பில்லும் அட்டையும் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போவது அலைச்சலைக் குறைக்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வருகிறவர்கள் ஓசூர் பக்கம் உண்டு. வகை நிறையக் கிடைக்கும். ஆனால் பழுதானால் திரும்ப அங்கேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் சேர்த்தால் உள்ளூர்க் கடையே மலிவாகிவிடுகிறது. ஆன்லைனில் வாங்கினால், திருப்பி எடுப்பார்களா என்று பணம் கட்டும் முன் படியுங்கள். பல இடத்தில் பேட்டரிக்கு அந்த வசதி இருப்பதில்லை.

வாரண்டி இருந்தும் கடையில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கேட்கப்போவது பில்தான்.

8. மாட்டுவதும் முதல் சார்ஜும்

சுவிட்சை அணைத்துவிட்டு, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மிஷினில் வேகம் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்டும் வோல்ட் காட்டும் மீட்டரும் போகும். ஸ்குரூ முடுக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் அடைப்பு இருந்தால் அது மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது மடங்கினால் டேங்கில் வழியும் மருந்து நேராகப் பேட்டரிக்குப் போகும்.

வாங்கிய அன்றே வயலுக்குத் தூக்கிப் போகாமல் ஒரு முழுச் சார்ஜ் போடுங்கள். எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மருந்தடிக்கும் நாளுக்கு முந்தின நாள் வாங்காமல், ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்தால் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துக் குறை இருந்தால் மாற்றவும் நேரம் இருக்கும். ஒரு முழுச் சார்ஜுக்கு ஆகும் மின்சாரம் யூனிட்டில் ஏழு எட்டில் ஒரு பங்குதான், அதனால் பாதிச் சார்ஜோடு மிச்சம் பிடிக்க வேண்டாம். மருந்து வைக்கும் அறையிலும், வைக்கோல் போர் பக்கத்திலும் சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் என்றால் வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

அடிக்கும்போது மோட்டார் சத்தம் இறங்கி, பிரஷர் குறைய ஆரம்பித்தால் அந்த டேங்கோடு நிறுத்திவிடுங்கள். லெட் ஆசிட் மிஷின்கள் பலவற்றில் தானாக நிறுத்தும் ஏற்பாடு இல்லை. 10.5 வோல்ட்டுக்குக் கீழே இழுக்க இழுக்க பேட்டரியின் ஆயுள்தான் கரையும்.

9. பழையதை என்ன செய்வது, பட்டம் முடிந்தால் புதியதை எப்படி வைப்பது

பழைய பேட்டரியை வாங்கிய கடையிலேயே கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வீட்டுக் குப்பையில் கலக்காமல் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. கிணற்று மேட்டிலும் வரப்பிலும் வீசிய பேட்டரியிலிருந்து ஈயமும் ஆசிட்டும் இறங்குவது நாம் குடிக்கிற தண்ணீரில்தான். ஈயத்துக்காக உடைத்து ஆசிட்டை மண்ணில் கொட்டுகிறவர்களிடம் பத்து ரூபாய் அதிகம் கிடைத்தாலும் கொடுக்காதீர்கள்.

பட்டம் முடிந்தால் லெட் ஆசிட்டை முழுதாக நிறைத்து, ஒரு லக்கை மட்டும் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலியாக வைத்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து, அடுத்த பட்டத்துக்கு எழுந்திருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள், வெயில் காலத்தில் மாதம் ஒரு தடவை. லித்தியத்தை நிறைத்து வைக்கத் தேவையில்லை, பாதியளவில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பேட்டரியின் மேலேயே மார்க்கர் பேனாவால் வாங்கிய தேதியையும் கடைசியாகச் சார்ஜ் போட்ட தேதியையும் எழுதிவிடுங்கள், வீட்டில் வேறு யார் எடுத்தாலும் பார்த்ததும் தெரியும்.